ரஞ்சித் ஏறினாரா, இறங்கினாரா? கம்போங் மேடானில் ஒரு சனிக்கிழமை வாக்குவாதம்

"ஜெயிலர் 2 எப்போது வரும்?" என்று தொடங்கிய பேச்சு, இரவு பன்னிரண்டு மணிக்கு எப்படி இயக்குநர் பா. ரஞ்சித்தின் தலையில் போய் விடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கம்போங் மேடான் அடுக்குமாடிகளுக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடை அது. என் அக்கா வீடு நான்காவது மாடியில். மாதம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பிப் போவேன். கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் பக்கம் போகும் கேடிஎம் ரயிலைப் பிடித்தால் கம்போங் டத்தோ ஹருன் நிலையத்தில் இறங்கலாம். அத்தான் மோட்டாரில் வந்து ஏற்றிக்கொள்வார். அக்கா கையால் சாப்பிட்டு முடித்ததும் "சும்மா கீழ போய்ட்டு வரோம்" என்று அத்தான் சட்டையை மாட்டுவார். அந்தச் 'சும்மா' இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்று அக்காவுக்கும் தெரியும்.

கீழே மேசை தயாராக இருந்தது. லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார். கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்யும் அவருடைய மகள். குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி. அத்தான், நான். பெயர் போடவேண்டாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பெயர் போட்டால் அடுத்த சனிக்கிழமை யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்பது எனக்கும் தெரிந்ததுதான்.

முதல் சுற்று தே தாரிக் வருவதற்குள் வரப்போகும் படங்கள் எல்லாம் அலசப்பட்டுவிட்டன. 'ஜன நாயகன்' பற்றிப் பேசாமல் அப்போது இந்த ஊரில் எந்த மேசையும் கலைந்ததில்லை. தம்முடைய கடைசிப் படம் என்று விஜய்யே அறிவித்துவிட்டார். பாட்டு வெளியீட்டு விழாவை 2025 டிசம்பர் 27-ஆம் தேதி நம் புக்கிட் ஜாலிலில் வைப்பதாக இருந்தார்கள். லோரி அண்ணன் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். "எனக்கு எடுக்கல. நான் கார் பார்க்கிங்ல உட்கார்ந்து கேட்டுக்குவேன்" என்றார். படத்தை இயக்கியவர் எச். வினோத் என்பது அந்த மேசையில் யார் வாயிலும் வரவில்லை. நடிகர் பெரியவரானால் இயக்குநர் பெயர் மறைந்துபோகும். ஒரே ஒரு விதிவிலக்கு, அந்த இயக்குநர் நம்மை ஏமாற்றியிருந்தால்! அப்போது பெயர் நன்றாக நினைவில் இருக்கும்.

அத்தான் மணிரத்னத்தை இழுத்தார். 1987-இல் 'நாயகன்' கொடுத்த அதே ஜோடி, 2025 ஜூனில் 'தக் லைஃப்' கொடுத்ததை அவரால் இன்னும் செரிக்க முடியவில்லை. ஷங்கருக்கு 1993-இல் 'ஜென்டில்மேன்' தொடங்கி 'எந்திரன்' வரை ஏணி. 'இந்தியன் 2', 'கேம் சேஞ்சர்' என்று ஆறே மாத இடைவெளியில் இரண்டு சறுக்கல். இதெல்லாம் எல்லா மேசையிலும் பேசுகிற பேச்சுதான். அப்போது தம்பிதான் கேட்டான், "வேட்டுவம் பத்தி யாருமே பேசமாட்டேங்கிறீங்களே?"

அதற்குப் பிறகு வேறு யார் பேச்சும் எடுபடவில்லை.

பதிமூன்று ஆண்டு, ஏழு படம்

வாசகர்களுக்கு வரிசையை ஒருமுறை நினைவுபடுத்திவிடுகிறேன். ஆவடிக்குப் பக்கத்தில் கர்லப்பாக்கம் என்ற ஊர்க்காரர் ரஞ்சித். சென்னை கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். வெங்கட் பிரபுவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். 2012 ஆகஸ்ட் 15-இல் 'அட்டகத்தி'. 2014-இல் கார்த்தியை வைத்து 'மெட்ராஸ்'. அடுத்த படத்திலேயே ரஜினிகாந்த்: 2016 ஜூலை 22-இல் 'கபாலி', 2018-இல் 'காலா'. 2021 ஜூலை 22-இல், அதாவது கபாலி வந்த அதே தேதியில், 'சார்பட்டா பரம்பரை'. 2022-இல் 'நட்சத்திரம் நகர்கிறது'. 2024 ஆகஸ்ட் 15-இல் விக்ரமோடு 'தங்கலான்'. அடுத்து எடுத்தது 'வேட்டுவம்'. 'சார்பட்டா'வுக்கு இரண்டாம் பாகம் என்று அறிவித்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்று ஒவ்வொருவராகக் குறிக்கச் சொன்னால், ஒருவர் தாள் இன்னொருவர் தாளோடு ஒத்துப்போகாது. ரஞ்சித்திடம் உள்ள விசேஷமே அதுதான். ஷங்கரின் சறுக்கல் எது என்பதில் சண்டை வராது. ரஞ்சித்தின் சறுக்கல் எது என்று கேட்டால் நாற்காலி நகரும்.

'மெட்ராஸ்' பற்றி மட்டும் சண்டையே இல்லை. வட சென்னை வீட்டுவசதிக் குடியிருப்பில் ஒரு சுவர். அந்தச் சுவரில் யார் படம் வரைவது என்பதற்கு இரண்டு அரசியல் கூட்டம் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்கிறது. "அது சென்னை இல்ல, நம்ம பிளாக் பி" என்றார் லோரி அண்ணன். "படிக்கட்டு, கீழ கேரம் போர்டு, மேல இருந்து கத்துற அம்மா... எங்க வீட்டுக்குள்ள வந்து எடுத்த மாதிரி இருந்திச்சி."

நான் ஒரு கருத்தை எடுத்து வைத்தேன். கட்டுரை எழுதுகிறவனுக்கு இந்த ஆசை எப்போதும் உண்டு. ரஞ்சித் தான் நடந்த தெருவில் கேமராவை வைத்தால் ஜெயிக்கிறார், வெளியூர் போனால் தடுமாறுகிறார் என்றேன். அட்டகத்தி, மெட்ராஸ், சார்பட்டா மூன்றும் அவர் மண். கபாலிக்கு மலேசியா, காலாவுக்கு மும்பை தாராவி, தங்கலானுக்கு கோலார் தங்கவயல். கணக்கு சரியாக இருந்தது. மேசையும் ஒரு நிமிடம் ஒத்துக்கொண்டது.

பிறகுதான் 'கபாலி' வந்தது.

நம் ஊரில் எடுத்த நம் கதை

'கபாலி'க்கு முன்பு தமிழ் சினிமாவில் மலேசியா என்றால் இரட்டைக் கோபுரம், நெடுஞ்சாலையில் கார் துரத்தல், ஒரு பாட்டு. 2007-இல் அஜித்தின் 'பில்லா' இங்கே எடுக்கப்பட்டபோது பத்துமலை முருகனைப் பெரிய திரையில் பார்த்துக் கைதட்டினோம். ஆனால் அந்தப் படத்தில் இங்கே வாழ்கிற தமிழர் யாரும் இல்லை. 'கபாலி'யில்தான் முதன்முதலாக ஒரு பெரிய நடிகர் மலேசியத் தமிழராக வந்தார். தோட்டத்தில் சம்பளத்துக்குப் போராடியவர்கள் வந்தார்கள். பால்மரக் காட்டை விட்டு நகரத்துக்குத் துரத்தப்பட்ட பிள்ளைகள் கும்பலுக்குப் போவது வந்தது. பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகள் தங்கள் கதையைச் சொல்கிற காட்சி வந்தது.

2016 ஜூலையில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். ஏர் ஏசியா விமானத்தில் ரஜினி படம் வரைந்தார்கள். சென்னையில் சில நிறுவனங்கள் அன்று விடுமுறையே விட்டன. இங்கே மலாய் மொழியிலும் படத்தை டப் செய்து வெளியிட்டார்கள். தமிழ்ப் படம் பார்த்திராத மலாய்க்கார நண்பர்கள்கூட "கபாலி, டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பெட்டாலிங் ஜெயா ஸ்டேட் திரையரங்கில் காலைக் காட்சி பார்த்துவிட்டு நேராக வேலைக்குப் போனவர் லோரி அண்ணன்.

"அப்ப பிடிச்சிருந்ததா?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தே தாரிக்கை ஒருமுறை சுழற்றினார்.

"முதல் சீன்ல ஜெயில்ல இருந்து வர்றாரு பாருங்க. கோட்டு, சூட்டு, கறுப்புக் கண்ணாடி. தியேட்டரே எழுந்து நின்னிச்சி. நானும் நின்னேன். என் தம்பி அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடிதான் வெளிய வந்தான். ஒரு பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள ஒரு சட்டை, ஒரு துண்டு. நான்தான் போய் கூட்டிட்டு வந்தேன். கார்ல ஏறி உட்கார்ந்து, 'அண்ணே, பசிக்குது'ன்னான். அவ்ளோதான்."

யாரும் பேசவில்லை. கடைக்காரர் வந்து கண்ணாடிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

கம்போங் மேடானில் இந்தப் பேச்சு வெறும் சினிமாப் பேச்சு ஆகாததற்குக் காரணம் இருக்கிறது. இது தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டி உட்கார்ந்த வட்டாரம். 2001 மார்ச் மாதம் இந்த வட்டாரத்தில் மூண்ட இனக் கலவரத்தில் 6 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அந்த வாரம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அக்கா இன்றும் சொல்வாள். 2013-இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர்கள் என்று அறிவித்தது. இந்த மாடிகளில் ஏதோ ஒரு கதவைத் தட்டினால் அந்தக் கணக்கில் ஒருவராவது இருப்பார். ஆகவே ஒரு படம் கும்பலைப் பற்றிப் பேசினால், அது எப்படிப் பேசியது என்று இங்கே கேட்பார்கள்.

"பையனுங்க அந்த வருசம் தீபாவளிக்கு எல்லாம் கோட்டு தைச்சானுங்க" என்றார் அண்ணன். "இந்த வெயில்ல! படத்துல அவரு பள்ளிக்கூடம் நடத்துறாரு, படிங்கடான்னு சொல்றாரு. அது எவன் காதுல விழுந்திச்சி? கோட்டுதான் விழுந்திச்சி."

இன்னொன்றும் அவருக்கு உறுத்தல். மற்ற நாடுகளில் படம் முடியும்போது திரை இருண்டு ஒரு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும். கபாலி செத்தாரா இல்லையா என்று பார்ப்பவரே முடிவு செய்துகொள்ளலாம். நம் நாட்டுப் பிரதியில் மட்டும், கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று ஒரு வரி போட்டு முடித்தார்கள். "நம்மள நம்பல பாருங்க" என்றார். இயக்குநரைச் சொன்னாரா, தணிக்கையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

வாத்தியார் மகள் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க எல்லாரும் தப்பான படத்தப் பாத்துட்டீங்க" என்றார்.

"கபாலி கேங்ஸ்டர் படமே இல்ல. பொண்டாட்டியத் தேடிப் போற படம். செத்துட்டான்னு இருபத்தஞ்சு வருசம் நெனைச்ச குமுதவல்லி உயிரோட இருக்கான்னு தெரிஞ்சதும், மகளக் கூட்டிக்கிட்டு சென்னை, பாண்டிச்சேரின்னு அலையிறாரே, அந்த இருபது நிமிசம் எடுத்தவரு தோத்துப்போன டைரக்டரா? ரஜினி அழுதாரு. எத்தனை வருசம் கழிச்சு ஒரு வயசான மனுசனா நடிச்சாரு! அதுல சண்ட இல்ல, ஸ்லோமோஷன் இல்ல. எங்க அம்மா அந்த இடத்துல மட்டும்தான் அழுதாங்க. மத்த நேரம் போன் பாத்துட்டு இருந்தாங்க."

அவர் இன்னொன்றும் சொன்னார். சிறையில் கபாலி கையில் இருக்கும் புத்தகத்தை எத்தனை பேர் கவனித்தோம்? ஒய். பி. சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலையா'. தெலங்கானாவில் ஒரு தலித் குடும்பம் ரயில்வே வேலையாலும் படிப்பாலும் மூன்று தலைமுறையில் மேலே வந்த கதை. "நான் அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் அந்தப் புத்தகத்த வாங்கினேன். எங்க தாத்தா கதை மாதிரியே இருந்திச்சி. ரயிலுக்குப் பதிலா பால்மரம், அவ்ளோதான் வித்தியாசம்."

அத்தான் ஒரே ஒரு குறை சொன்னார். படம் முழுக்க ஒரு இடத்திலாவது நம் பேச்சு காதில் விழுந்ததா? நம்மூர்ப் பையன் ஆத்திரம் வந்தால் பேசுகிற பேச்சில் பாதி மலாய் இருக்கும், கொஞ்சம் சீனம் இருக்கும், கடைசியில் ஒரு 'லா' இருக்கும். கபாலியின் ஆட்கள் எல்லாரும் வியாசர்பாடியிலிருந்து விசா வாங்கி வந்தவர்கள் மாதிரியே பேசினார்கள். இதை யாரும் மறுக்கவில்லை. என் கருத்துக்கு ஆதரவாக ஒரு ஓட்டு கிடைத்தது என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

கங்காணியின் சட்டை

அந்த ஓட்டு அதிக நேரம் நிலைக்கவில்லை. அதுவரை ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்த வாத்தியார் வாயைத் திறந்தார்.

"தம்பி, வெளியூர் போனா தடுமாறுறாருன்னு சொன்னீங்க. தங்கலான் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். முதல் பாதி பிடித்தது, இரண்டாம் பாதியில் ஆரத்தி என்ற சூனியக்காரி வருவதும் போவதுமாக எது கனவு, எது நடப்பு என்று புரியாமல் களைத்துவிட்டேன் என்றும் ஒப்புக்கொண்டேன்.

"அது இருக்கட்டும். அந்த வெள்ளைக்காரத் துரையோட தங்கலான் போறான். கொஞ்ச நாள் கழிச்சு ஊருக்குத் திரும்பி வர்றான். எப்படி வர்றான்? குதிரையில வர்றான். துரை குடுத்த சட்டை, கால்சட்டை போட்டுக்கிட்டு வர்றான். ஊரே அதப் பாக்குது. 'வாங்க, அங்க வந்தா நாமளும் இப்படி ஆகலாம்'னு பேசி, மொத்த ஊரையும் கிளப்பிக் கூட்டிட்டுப் போறான். அந்தச் சீன் என்ன சீன்?"

யாரும் பதில் சொல்லவில்லை.

"கங்காணி, தம்பி. அது கங்காணி சீன்."

அவருடைய தாத்தா சேலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்படித்தான் வந்தாராம். ஊருக்குத் திரும்பிவந்த ஒருவர் நல்ல வேட்டி, சட்டை, கையில் கடிகாரம் என்று நின்றார். மலாயாவில் தேங்காயும் மாசியும் மண்ணுக்குள்ளேயே விளைகிறது என்பது மாதிரி எதையோ சொன்னார். நம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். அந்தக் கங்காணி பொய்யரும் அல்ல, அயலாரும் அல்ல, சொந்தக்காரர். அவரும் துரையை நம்பினவர்தான். "எங்க தாத்தா சாகுற வரைக்கும் அந்த ஆளத் திட்டினது இல்ல. அவனும் நம்மள மாதிரிதான்டான்னு சொல்லுவாரு. அது எப்படின்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. விக்ரம் அந்தக் குதிரையில வந்து நின்னப்பதான் புரிஞ்சது. கபாலி நம்மளப் பத்தின படம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு தங்கலான்தான் நம்ம படம். அதுல மலேசியாங்கிற பேரே இல்ல!"

வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் கழித்தவரிடம் பேசும்போது, உங்கள் விடை தவறு என்று அவர் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடும். என் தெருக் கணக்கு அங்கேயே விழுந்தது.

வீடு திரும்பும் ரயிலில் அதைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தேன். ரஞ்சித்தின் படங்களை நல்லது, சுமார் என்று வரிசையில் நிறுத்துவதில்தான் தப்பு இருக்கிறது. மேடு பள்ளம் ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் இருக்கிறது. கங்காணிக் காட்சியும் ஆரத்தி காட்சிகளும் ஒரே படத்தில் இருக்கின்றன. குமுதவல்லியும் கோட்டும் ஒரே படத்தில் இருக்கின்றன. எல்லாரும் கொண்டாடும் 'சார்பட்டா'விலேயே, டான்சிங் ரோஸ் சண்டை வரைக்கும் மூச்சுவிடாமல் பார்த்த நாம், கபிலன் குடித்துச் சீரழியும் பகுதியில் கடிகாரத்தைப் பார்த்தோம் இல்லையா? அந்தப் படம் வந்தபோது இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு. திரையரங்கு மூடியிருந்தது. பசி என்று சொல்ல வெட்கப்பட்டவர்கள் சன்னலில் வெள்ளைக் கொடி கட்டிய ஜூலை அது. லோரி அண்ணன் வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பார்த்தாராம். "அவன் விழுந்தப்ப படம் போர் அடிச்சிதுன்னு சொல்றாங்க. எங்க பிளாக்குல அந்த மாசம் எல்லாரும் விழுந்துதான் கெடந்தோம். எனக்கு அடிக்கல" என்றார். நான் கடிகாரம் பார்த்த இடம் அவருக்குப் படத்தின் நடு.

'நட்சத்திரம் நகர்கிறது' மேசையில் இரண்டே நிமிடம்தான் தாங்கியது. வாத்தியார் மகளைத் தவிர யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. அவர் அதை ரஞ்சித்தின் மிகத் துணிச்சலான படம் என்றார். நாங்கள் தலையாட்டினோம்.

'வேட்டுவம்' பற்றிப் பேசும்போது குரல்கள் தணிந்தன. 2025 ஜூலை 13-ஆம் தேதி நாகப்பட்டினம் மாவட்டத்தில் அதன் படப்பிடிப்பில், காரைப் பறக்கவிடும் சாகசக் காட்சியில் மூத்த சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2020-இல் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து 3 பேர் இறந்தார்கள். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தக் கணக்கு தனியாக நிற்கும். "அந்தச் சீன வெட்டிட்டாலும் வெச்சாலும் என்னால அதப் பாக்க முடியாது" என்றார் அத்தான். அவர் கார் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்.

விழுவதற்கும் ஒரு இடம் வேண்டும்

தம்பி நீண்ட நேரம் அமைதியாக இருந்தான். அவன் வேலை ஒரு கிடங்கில். வார இறுதியில் நண்பர்களோடு குறும்படம் எடுக்கிறான். இதுவரை இரண்டு எடுத்திருக்கிறான். மூன்றாவது பாதியில் நிற்கிறது. கேமரா வாடகைக்குப் பணம் சேரவேண்டும்.

"ஒண்ணு கேக்கலாமா? கபாலி வர்றதுக்கு ஏழு மாசம் முன்னாடி 'ஜகாட்' வந்திச்சி. இங்க எத்தனை பேரு தியேட்டர்ல பாத்தீங்க?"

வாத்தியார் மகள் மட்டும் கை தூக்கினார். அத்தான் பிற்பாடு தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார். நான் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். கேட்டான். இல்லை என்றேன்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015 டிசம்பரில் வந்தது. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் உருண்டு 'ஜகாட்' ஆனதே தலைப்பு. 1990-களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கு வீட்டில் குடியேறிய குடும்பம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், கண்டிப்பான அப்பா, கும்பலில் ஒரு சித்தப்பா, போதையில் ஒரு சித்தப்பா. பிள்ளை எப்படிக் கும்பலுக்குப் போகிறான் என்பதைக் கோட்டும் துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் காட்டிய படம். பேச்சு முழுக்க நம் பேச்சு. சில திரையரங்குகளில் மட்டும் வெளியாகி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே பரவியது. 2016-இல் 28-வது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதைக் கண்டித்து மலாய்த் திரைக்கலைஞர்களே குரல் கொடுத்தார்கள். பிரிவுகள் மாற்றப்பட்டன. சிறந்த மலேசியப் படம் என்ற விருதை 'ஜகாட்' வாங்கியது.

"கபாலில எங்களுக்கு என்ன கொறைன்னு இவ்ளோ நேரம் பேசினோம். பேச்சு நம்ம பேச்சு இல்ல, ஜெயில்ல இருந்து வர்றவன் அப்படி வரமாட்டான், அது இது. அந்த எல்லாத்தையும் சரியா செஞ்ச படம் ஏழு மாசம் முன்னாடியே வந்து போச்சு" என்றான் தம்பி. அவன் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

ஒரு இயக்குநருக்கு ஏற்ற இறக்கம் இருக்கவேண்டுமானால் அவர் படம் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். ரஞ்சித் பதிமூன்று ஆண்டுகளில் ஏழு முறை மைதானத்துக்கு வந்திருக்கிறார். 'காலா' எதிர்பார்த்த அளவு போகவில்லை என்றார்கள். 'சார்பட்டா' எடுக்க வாய்ப்பு இருந்தது. நடுவில் தம் நீலம் நிறுவனத்தில் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' தொடங்கி 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' வரை மற்றவர்களுக்கும் வாசல் திறந்துவிட்டார். விழுந்தாலும் தாங்கிப்பிடிக்கிற சந்தை அங்கே இருக்கிறது.

இங்கே? தோட்ட வாழ்க்கையைச் சொன்ன தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் உலகத் திரைப்பட விழாக்களுக்குப் போனது. அடுத்து 2007-இல் பிரிக்பீல்ட்ஸை வைத்து 'சலங்கை' எடுத்தார். அது என் பேட்டையில் எடுத்த படம், நான் பார்த்ததில்லை. 'விளையாட்டுப் பசங்க', 'வெட்டிப் பசங்க', 'வெடிகுண்டு பசங்க' என்று விமலா பெருமாள் கூட்டத்தைத் திரையரங்குக்கு வரவழைத்தார். ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் மூன்று, நான்கு ஆண்டுகள். விருது வாங்கிய சஞ்சய் குமாருக்கும் அடுத்த முழுநீளப் படத்தைத் திரைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆயின. இவர்களில் யாருடைய மேடு பள்ளத்தைப் பற்றியும் எந்த மேசையிலும் இரவு பன்னிரண்டு மணி வரை வாக்குவாதம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அத்தான் கொஞ்சம் எதிர்ப்பேச்சு பேசிப் பார்த்தார். உள்ளூர்ப் படம் என்பதற்காக மோசமான படத்துக்குக் காசு கொடுக்கமுடியுமா என்றார். நியாயமான கேள்விதான். நம்மூர்ப் படங்களில் பாதி நேரம் நடிகர்கள் கேமராவைப் பார்ப்பதற்கும் வில்லனைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

"மோசமா இருந்தா திட்டுங்க அண்ணே" என்றான் தம்பி. "இவ்ளோ நேரம் ரஞ்சித்த திட்டினீங்களே, அந்த மாதிரி. சீன் சீனா. எங்கள யாரும் அப்படித் திட்டுறதே இல்ல. 'நல்ல முயற்சி தம்பி'ன்னு தோள்ல தட்டிட்டுப் போயிடுறாங்க."

லோரி அண்ணன் பலமாகச் சிரித்துவிட்டார். பிறகு, மூன்றாவது குறும்படம் எதைப் பற்றி என்று கேட்டார்.

சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவனை அவன் அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிற கதை என்றான் தம்பி. அரை மணி நேரப் பயணம், காருக்குள் இரண்டே பேர். அண்ணன் முன்பு எப்போதோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறான். அவரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார்.

"கார் யாரு கார்?"

"இன்னும் கெடைக்கல அண்ணே."

"என்னோடத எடுத்துக்க. பழைய சாகாதான். ஏர்கோன் வேலை செய்யாது." எழுந்து, பாக்கெட்டில் சாவியைத் தேடினார். "ஆனா ஒண்ணு. அவன் பசிக்குதுன்னு சொன்னதும் நான் வீட்டுக்குப் போகல. வழியில நிறுத்தி நாசி லெமாக் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பொட்டலம் சாப்பிட்டான். அத மாத்திடாத."